தெரியாது டாக்டரம்மா

எங்கள் தெருவில் அவருக்கு ‘தெரியாது டாக்டரம்மா’ என்றுதான் பெயர். சொந்தப் பெயர் எனக்குத் தெரியும். எழுத மாட்டேன். அவருடைய நோட்டில் எங்கள் வீட்டு ஆட்கள் யாருக்கும் பெயர் கிடையாது, வெறும் நம்பர்தான். எங்கள் பெயரை அத்தனை வருஷம் காப்பாற்றியவருடைய பெயரை நான் வெளியே விடுவது நியாயமில்லை.

அந்தப் பட்டத்தைக் கட்டியவர் தெருமுனை டீக்கடை பாய்.

“இன்னாம்மா இது?” என்று ஒருநாள் அம்மாவிடம் கேட்டார். “மழை வருமான்னு கேட்டேன், தெரியாதுன்னாங்க. வாணியம்பாடி பஸ்சு எப்பன்னு கேட்டேன், அதுவும் தெரியாதாம். சரி போவட்டும், ரெண்டு மாசமா முட்டி வலி, எப்ப சரியாவும்னு கேட்டா, ‘தெரியாது, நான் அந்த டாக்டர் இல்ல’ன்றாங்க. எட்டாங்கிளாஸ் ஃபெயிலான நானே ஒரு நாளைக்கு எத்தினி பேருக்கு பதில் சொல்றேன்!”

பாய் சொன்னதில் தப்பில்லை. எங்கள் ஆம்பூர் பக்கம் டாக்டர் என்றால் நாக்கை நீட்டச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்து, “ஒண்ணும் இல்ல, ஒரு ஊசி போட்டா போயிடும்” என்று சொல்ல வேண்டும். அப்படிச் சொல்லாதவரை டாக்டர் கணக்கில் சேர்க்க மாட்டோம். இவரோ ஊசியை எடுத்தால் மருந்தை உள்ளே விட மாட்டார், ரத்தத்தை வெளியே எடுப்பார். எடுத்துக்கொண்டு வேலூருக்குப் போய்விடுவார். என்ன ஆச்சு என்று அடுத்த மாதம் கேட்டால், இன்னும் தெரியாது என்பார்.

நான் ஏழாவது வரைக்கும்தான் படித்தேன். ஷூ கம்பெனியில் அப்பர் தைக்கிறேன். அப்பர் என்றால் ஷூவின் மேல்தோல். போன வருஷம் என் அண்ணன் இறந்துவிட்டான். முப்பது வயது. அதற்கு ஏழு வருஷம் முன்னால் அப்பா. இரண்டு பேருக்கும் ஒரே நோய். மூளைக்குள் கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ செத்துக்கொண்டே வரும். கை கால் சொன்ன பேச்சைக் கேட்காமல் தானாக ஆடும், நடை கோணும், மறதி வரும், கோபம் வரும், கடைசியில் சோறு தொண்டையில் இறங்காது. அது பரம்பரையாக வருவது. அண்ணனுக்கு வந்தது எனக்கும் வந்திருக்கிறதா என்று நினைக்காமல் நான் ஒருநாளும் மிஷினில் நூல் கோத்ததில்லை. ஊசிக் காதில் நூல் முதல் தடவையே நுழைந்துவிட்டால் அன்றைக்கு நிம்மதி. இரண்டாவது தடவை ஆனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது. இந்த ஒரு கேள்விக்குப் பதில் சொல்லக்கூடிய ஒரே ஆள் எனக்குத் தெரிந்து அவர்தான். ஊரே கேலி செய்த அந்தத் தெரியாது டாக்டரம்மா.

அவர் தெற்கத்தி ஊர்க்காரர். வேலூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை, பாகாயத்தில் வாடகை வீடு. குள்ளம், கண்ணாடி, ரப்பர் செருப்பு. அப்பாவின் அக்கா, எங்கள் சோளிங்கர் அத்தை, கை கால் ஆடுகிறது என்று வேலூரில் போய்ப் படுத்திருந்தாள். “உங்க கூடப் பொறந்தவங்க யாருக்காவது இப்படி இருக்கா?” என்று இவர் கேட்டிருக்கிறார். அத்தை அப்பா பெயரைச் சொல்லிவிட்டாள். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டார்.

முதல் நாள் வந்தபோது எங்கள் வீட்டில் நாற்காலி இல்லை. பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார். அம்மாவிடம் பழைய மாதக் காலண்டர் தாள் ஒன்று வாங்கி, பின்பக்கம் கட்டம் கட்டமாகவும் வட்டம் வட்டமாகவும் போட்டார். ஆம்பளை என்றால் கட்டம், பொம்பளை என்றால் வட்டம். நோய் உள்ளவர்களைக் கறுப்பாக அடைப்பார். யார் யாருக்குப் பிறந்தார்கள், யார் யாரைக் கட்டினார்கள் என்று கேட்டுக் கேட்டுக் கோடு இழுத்தார். எங்கள் சொந்தத்தில் மாமன் மகளைக் கட்டியவர்கள் ஜாஸ்தி. கோடெல்லாம் ஒன்றன் மேல் ஒன்று ஏறி, தாள் கிழிந்த வலை மாதிரி ஆகிவிட்டது.

அப்பாவின் கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது. மூக்கைச் சுருக்கினார்.

“இவர் குடிப்பாரா?”

“ஐயோ, அத்த ஏன் கேக்குறீங்க!” என்றாள் அம்மா. “ஜாஸ்தி. விடிஞ்சா அதான்.”

மூலையில் உட்கார்ந்திருந்த அப்பா காலரை இழுத்து விட்டுக்கொண்டார். கை மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா கட்டத்தைக் கறுப்பாக்காமல், பக்கத்தில் ‘குடி’ என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். என் அப்பா வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை. தோல் தொட்டியில், தோல் பதனிடுகிற டிரம் ஓட்டுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போவார். கை கால் ஆட ஆரம்பித்ததும் தெருவில் அவரை ‘டிஸ்கோ’ என்றார்கள். அப்போதுதான் அம்மா யோசித்தாள். “குடிகாரன் பொண்ணுக்கு கல்யாணம் ஆவும். இந்த ஊர்ல எவன் அப்பன் குடிக்கல? ஆடுற சீக்குக்காரன் பொண்ணுன்னா வாசப்படி மிதிப்பானா எவனாவது?” என்றாள். அண்ணனை விட்டு ஒரு குவார்ட்டர் பிராந்தி வாங்கி வரச் சொன்னாள். அப்பா வெளியே கிளம்பும்போதும், வீட்டுக்கு ஆள் வரும்போதும் சட்டைக் காலரில் நாலு சொட்டு தெளிப்பாள், செபத்தண்ணி தெளிப்பது மாதிரி.

“ஒரு குவார்ட்டர மூணு மாசம் வெச்சுக் குடிக்கிற குடும்பம் இந்த ஜில்லாவுலயே நம்ம குடும்பம்தாம்மா” என்பான் அண்ணன்.

அப்பாவுக்கு மட்டும்தான் வருத்தம். “குடிச்சிட்டாவது திட்டு வாங்கலாம். வாசன மட்டும் எனக்கு, போத யாருக்கோ” என்பார். ஆனாலும் காலரைக் காட்டுவார். எனக்காகத்தான் காட்டினார் என்பது அப்போது எனக்குப் புரியவில்லை. எனக்குப் பன்னிரண்டு வயசு.

இப்படி ஊரை ஏமாற்றின வாசனையில் டாக்டரம்மாவும் ஒரு வருஷம் ஏமாந்தார். ஏமாந்தாலும் வருவதை விடவில்லை. அத்தைக்கு அந்த நோய்தான் என்று உறுதியாகிவிட்டது. தம்பிக்கு இருக்கிறதா, குடியா என்பதுதான் அவருக்குக் குடைச்சல். மாதம் ஒருமுறை பஸ்ஸில் வருவார். மடியில் ஒரு ஐஸ் பெட்டி. கீழே வைக்க மாட்டார், குலுங்குமாம். ஒருதடவை வழியில் இன்னொரு வீட்டுக்குப் போய்விட்டு வரும்போது கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்டு, உள்ளே என்ன என்று கேட்டிருக்கிறார். இவர் “ரத்தம்” என்றிருக்கிறார். பக்கத்து சீட்டு காலி, பின் சீட்டு காலி, முன் சீட்டில் இருந்த அம்மா கைக்குழந்தையோடு இறங்கியே போய்விட்டாளாம். மாதனூரிலிருந்து ஆம்பூர் வரைக்கும் தனியாக ராணி மாதிரி வந்தேன் என்று சொன்னார்.

“மீனுன்னு சொல்லி இருக்கலாம்ல டாக்டரம்மா?” என்றான் அண்ணன்.

“மீன் இல்லையே.”

“மீன் இல்லன்னு எங்களுக்குத் தெரியும். கண்டக்டருக்குத் தெரியுமா?”

“எனக்குத் தெரியுமே” என்றார். அதற்கு மேல் அவரிடம் பேச முடியாது.

அண்ணனுக்கு அவரைச் சீண்டுவதில் ஒரு சந்தோஷம். அவன் அப்போது கம்பெனியில் லாஸ்டிங் பிரிவில் இருந்தான். கட்டையின் மேல் தோலை இழுத்துப் பிடித்து ஷூவாக்குகிற வேலை. எங்களைப் போன்றவர்கள் மனுஷனை முகத்தில் இருந்து பார்க்க மாட்டோம், காலில் இருந்துதான் பார்ப்போம். இரண்டாவது தடவை வந்தபோதே அவன் என் காதில் சொல்லிவிட்டான்: “அவங்க இடது கால் அர சைஸ் பெருசு. அதான் ரப்பர் செருப்பா போட்டுட்டு சுத்துறாங்க.” கழிவுத் தோலில் அவன் கையால் ஒரு ஜோடி செய்து கொடுத்தான். இடது கால் அரை சைஸ் பெரிதாக. ஏழைப் பையன் ஆசையாகச் செய்து கொடுத்தால் மனுஷர்கள் என்ன சொல்வார்கள்? இவர் போட்டு, வாசலில் நாலு நடை நடந்து பார்த்து, “வலது கால் கடிக்குது” என்றார்.

அம்மாவுக்கு முகம் தொங்கிவிட்டது. அண்ணன் சிரித்து உருண்டான். “இத்தினி வருசத்துல சூப்பர்வைசர் கூட இப்படி ரிஜெக்ட் பண்ணலடா சாமி!” என்று சொல்லிக்கொண்டே எடுத்துப் போய்த் தட்டி இழுத்துச் சரி செய்துகொண்டு வந்தான். அடுத்த தடவை, “இப்ப கடிக்கல” என்றார். அவர் வாயிலிருந்து அதுதான் பெரிய பாராட்டு. அது தேயும்வரை வேறு போடவில்லை.

குடி விஷயம் ஒரு சனிக்கிழமை உடைந்தது. சொல்லாமல் வந்துவிட்டார். அப்பாவின் சட்டைகள் துவைத்துக் கொடியில் கிடந்தன. அப்பா வெறும் உடம்போடு, தோளில் ஒரு துண்டோடு வாசலில் உட்கார்ந்து வெங்காயம் கடித்துக் கூழ் குடித்துக்கொண்டிருந்தார். உடம்பு எப்போதும் போல ஆடிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா அவர் எதிரில் குந்தினார். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போலீஸ்காரர் மாதிரி, “கொஞ்சம் வாய ஊதுங்க” என்றார்.

அப்பா ஊதினார்.

“வெங்காயம்” என்றார் டாக்டரம்மா.

அதே நேரத்தில் உள்ளேயிருந்து அம்மா பாட்டிலோடு ஓடி வந்தாள், துண்டிலாவது தெளித்துவிடலாம் என்று. மூடியைத் திறந்த கையோடு அப்படியே நின்றாள். டாக்டரம்மா பாட்டிலைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது.

“ஒரு வருஷம் தப்பா எழுதி வெச்சிருக்கேன்,” என்றார். “வாசனைய நம்பினேன். ஆள கேக்கல. தப்பு என்னோடது.”

நோட்டுக்குள் மடித்து வைத்திருந்த காலண்டர் தாளை எடுத்து ‘குடி’யை அடித்தார். அப்பாவின் கட்டத்தைக் கறுப்பாக அடைக்கப் போனார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“அடைக்காதீங்க டாக்டரம்மா! நீங்க அத்த அடைச்சா என் பொண்ண எவன் கட்டுவான்?”

“இதுல பேர் இல்லம்மா. நம்பர்தான் இருக்கு. உங்க பொண்ணு பேர் எங்கயும் போகாது.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

அம்மா கையை விட்டாள். அப்பா மட்டும் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தார். “டாக்டர், அங்கயே எழுதிடுங்க,” என்றார், நாக்கு குழற. “இந்த நம்பரு குடிக்க மாட்டான்னு.” அவர் எழுதினார். அப்பா அன்றைக்கு இன்னொரு கிண்ணம் கூழ் குடித்தார்.

அன்றைக்குத்தான் எங்களுக்கு அந்த நோய் எப்படி வருகிறது என்று விளக்கினார். ஆம்பூர்க்காரர்களுக்குப் புரியட்டும் என்று செருப்பை வைத்துச் சொன்னார். எல்லோரிடமும் எல்லாமே ஜோடியாக இருக்கிறதாம். பிள்ளை பிறக்கும்போது அப்பா தன் ஜோடியில் ஒன்றைக் கொடுப்பார், அம்மா தன் ஜோடியில் ஒன்றைக் கொடுப்பாள். அப்பாவின் ஜோடியில் ஒன்று நல்லது, ஒன்று கெட்டது. எது பிள்ளைக்குப் போகும் என்று யாருக்கும் தெரியாது. பாதிக்குப் பாதி.

“டாக்டரம்மா,” என்றான் அண்ணன், ரொம்பப் பணிவாக. “அப்பன் ஒரு லெஃப்ட் குடுத்து, ஆத்தாளும் ஒரு லெஃப்ட் குடுத்தா, புள்ள எப்படி நடக்கும்?”

அவர் யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். “இந்த உதாரணம் சரியில்ல” என்று நோட்டில் எழுதிக்கொண்டார்.

பிறகு அந்தக் கெட்டதில் என்ன கெட்டது என்று சொன்னார். உடம்பு முழுக்க எழுத்து மாதிரி ஏதோ எழுதியிருக்கிறதாம். ஒரு இடத்தில் மூன்று எழுத்து திரும்பத் திரும்ப வருமாம். எல்லோருக்கும் வரும். கொஞ்ச தடவை வந்தால் ஒன்றுமில்லை. அளவுக்கு மேல் திரும்ப வந்தால் நோய்.

அண்ணன் அந்தச் செருப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, “மிஷின் நின்ன எடத்துலயே தைக்கிற மாதிரி” என்றான். “தோல் நகராம, ஊசி மட்டும் ஒரே எடத்துல குத்திக்கினே இருந்தா நூல் சுருண்டு தோல் கிழிஞ்சிடும். அது மாதிரிதான?”

டாக்டரம்மா அவனை ஒரு மாதிரி பார்த்தார். “அது மாதிரிதான்” என்றார். அதையும் எழுதிக்கொண்டார். எங்கேயோ ஒரு பெரிய கூட்டத்தில் அதைச் சொன்னாராம். ‘ஒரு ஷூ தொழிலாளி சொன்னது’ என்று சொன்னதாக வந்து ஒப்புவித்தார். அண்ணன் ஒரு வாரம் தெருவில் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு திரிந்தான். எதற்கு என்று யாருக்கும் சொல்ல முடியாது, பாவம்.

அத்தைக்கு ஐம்பதில் வந்தது, அப்பாவுக்கு ஏன் முப்பத்தைந்திலேயே வந்தது? இதுதான் அவருடைய ஆராய்ச்சி. தமிழ்நாட்டில் இப்படி இருக்கிற வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை வருஷமாக என்று அண்ணன் கேட்டான். பதினைந்து என்றார்.

“கண்டுபுட்ச்சிட்டீங்களா?”

“தெரியாது இன்னும்.”

“பதினஞ்சு வருசமா தெரியாததுக்கு சம்பளம் குடுக்குறானுங்களா? எங்க கம்பெனியில ஒரு நாள் தெரியாதுன்னா கேட்டுக்கு வெளிய போட்டுடுவான்.”

“தெரியாததுக்குத்தான் சம்பளமே,” என்றார். “தெரிஞ்சிட்டா எதுக்குக் குடுக்கப் போறாங்க?”

அப்பா இறந்த அன்று வந்திருந்தார். சவப்பெட்டியை மூடும் நேரம். அப்பாவோடு தோல் தொட்டியில் வேலை செய்த ஒருவர், “நல்ல மனுசன். குடிதான் கொண்டுட்டுப் போயிடுச்சி” என்று சத்தமாகச் சொன்னார். கூட்டம் தலையாட்டியது. நான் டாக்டரம்மாவைப் பார்த்தேன். நோயை வெளியே சொல்ல மாட்டேன் என்று அம்மாவுக்கு சத்தியம் செய்து கொடுத்திருக்கிறார். பொய்யும் அவருக்கு வராது. வாயைத் திறந்தார், மூடினார். கண்ணாடியைச் சரி செய்தார். கடைசியில், “அவர் குடிக்க மாட்டார்” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அம்மா எட்டு வருஷமாகச் சொட்டுச் சொட்டாகத் தெளித்துக் கட்டிய கோட்டை அந்த ஒரு வார்த்தையில் சரிந்தது. குடி இல்லை என்றால் வேறென்ன என்று ஊர் கேட்காதா? அம்மா ஆறு மாதம் அவரோடு பேசவில்லை. ஆனால் அந்தத் தோல் தொட்டிக்காரர் மறுநாள் வந்து வாசலில் நின்று அழுதார். “எட்டு வருசமா அவன மூஞ்சிக்கு நேரா குடிகாரன்னு திட்டி இருக்கேனே. ஒரு வார்த்த சொல்லி இருக்கக் கூடாதா?” என்றார். அம்மா அவருக்கு டீ போட்டுக் கொடுத்தாள். 

அப்பா போவதற்கு முன்பே அண்ணன் கை ஆரம்பித்திருந்தது. நாங்கள் பார்க்காத மாதிரி இருந்தோம். லாஸ்டிங்கில் தோல் கிழிந்தது. சூப்பர்வைசர் நல்லவர், “கை மிஷின்ல போயிடும்டா” என்று பேக்கிங்குக்கு மாற்றினார். ஒருநாள் அண்ணன் டாக்டரம்மாவிடம், “எனக்குப் பாத்து சொல்லுங்க” என்றான்.

அப்போதுதான் அவருடைய சட்டதிட்டம் தெரிந்தது. பதினெட்டு வயது ஆகியிருக்க வேண்டும். மூன்று தடவை கேட்க வேண்டும், நடுவில் மூன்று மூன்று மாதம் விட்டு. வேண்டாம் என்று தோன்றினால் எப்போது வேண்டுமானாலும் விட்டுவிடலாம். கூட ஒரு ஆள் வர வேண்டும். கதவு சாத்திய அறையில், உட்கார வைத்துத்தான் சொல்வார். போனில் சொல்ல மாட்டார், கடிதத்தில் சொல்ல மாட்டார், கேட்டவரைத் தவிர பெற்ற தாய்க்குக்கூடச் சொல்ல மாட்டார்.

“கல்யாணத்துக்கே கோயில்ல மூணு தடவதான் ஓலை வாசிச்சு, தட இருக்கான்னு கேப்பாங்க” என்று அண்ணன் முனகினான். ஆனால் மூன்று தடவையும் கேட்டான். கூட்டாளி ஒருவனைக் கூட்டிக்கொண்டு போய் முடிவையும் கேட்டு வந்தான். வந்து எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. பஸ்ஸில் கூட்டம் என்றான். சாப்பிட்டான். படுத்தான்.

அம்மாவுக்குத் தாங்கவில்லை. அடுத்த ஞாயிறு பிரியாணி செய்து மூன்றடுக்கு கேரியரில் போட்டு, என்னையும் இழுத்துக்கொண்டு பாகாயத்துக்குப் போனாள். டாக்டரம்மா நன்றாகச் சாப்பிட்டார். உப்பு கொஞ்சம் கம்மி என்றார். அம்மா தட்டை எடுத்துக்கொண்டே சாதாரணமாகக் கேட்பது மாதிரி கேட்டாள்.

“எங்க பையனுக்கு இன்னா வந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும்ல?”

அவர் எப்போதும் சொல்கிற வார்த்தையைத்தான் சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அன்றைக்கு அதைச் சொல்லக்கூடாதா என்று இருந்தது.

“தெரியும்” என்றார். “சொல்ல மாட்டேன்.”

அத்தனை வருஷத்தில் நோய் விஷயத்தில் அவர் ‘தெரியும்’ என்று சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். அம்மா காலி கேரியரை மடியில் வைத்துக்கொண்டு ஆம்பூர் வரைக்கும் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டு வந்தாள். ஒரு மாதம் கழித்து அண்ணனே சொன்னான். தலையைத் தடவிக்கொண்டு, சிரித்துக்கொண்டே. “பாப்பா, என் மிஷினும் நின்ன எடத்துலயே தைக்குது.”

அவன் கடைசி வருஷத்தைப் பற்றி நான் எழுத மாட்டேன். சோறு புரையேறி, நெஞ்சில் சளி கட்டி, ஒரு வாரத்தில் போய்விட்டான். கடைசி வரைக்கும் கிண்டல் மட்டும் போகவில்லை. பேச்சு குழறும், ஆனால் கண்ணைப் பார்த்தாலே ஏதோ சொல்கிறான் என்று தெரியும். நான்தான் மொழிபெயர்ப்பேன். தப்பாக மொழிபெயர்த்தால் தலையணையை எறிவான். இப்போது வீட்டில் தலையணை வைத்த இடத்திலேயே இருக்கிறது.

அவன் போன பிறகு அம்மா என் கையைப் பார்க்க ஆரம்பித்தாள். நான் டீ ஊற்றினால் டீயைப் பார்க்க மாட்டாள், கையைப் பார்ப்பாள். ஒருநாள் சோப்பு நுரையில் டம்ளர் வழுக்கி விழுந்தது. யார் கையிலும் விழும். அம்மா சமையற்கட்டிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கே நான் வேலூருக்குப் பஸ் ஏறினேன்.

“எனக்குப் பாருங்க.”

“மூணு மாசம் கழிச்சு வா” என்றார். கதவைச் சாத்தவில்லை, உட்கார வைத்துக் காபி கொடுத்தார். ஆனால் அதையேதான் சொன்னார்.

மூன்று மாதம் கழித்துப் போனேன்.

“இருக்குன்னு வந்தா என்ன பண்ணுவ?”

“காலையில வேலைக்குப் போவேன்.”

“இல்லன்னு வந்தா?”

“காலையில வேலைக்குப் போவேன்.”

“அப்ப எதுக்குக் கேக்குற?”

“எங்கம்மா டீ குடிக்கணும்” என்றேன். “ஆறிப் போவுது. என் கையையே பாத்துக்கினு இருக்காங்க.”

அவர் சிரிக்கவில்லை. எழுதிக்கொள்ளவும் இல்லை. இன்னும் மூன்று மாதம் என்றார்.

மூன்றாவது தடவை போனபோது அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. அறையெல்லாம் அட்டைப் பெட்டி. ரத்தம் எடுத்தார். என் கையைப் பிடித்த அவர் கை நடுங்கியது. “எனக்கு இது வயசு” என்றார், நான் கேட்காமலேயே. எப்போது வர வேண்டும் என்று நாளும் நேரமும் குறித்துக் கொடுத்தார். “கூட ஆள் கூட்டிட்டு வா. நேரா ரூமுக்கு வா. வழியில யார்கிட்டயும் எதுவும் கேக்காத. நான் உக்கார வெச்சு சொல்லுவேன்.”

அன்றைக்கு அம்மாவோடு போனேன். பஸ்ஸில் அம்மா ஜெபமாலையை உருட்டவில்லை, என் சேலைத் தலைப்பைத்தான் உருட்டிக்கொண்டு வந்தாள். ஸ்டாப்பில் இறங்கினோம். ரோட்டுக்கு அந்தப் பக்கம் கேட். நடுவில் லாரிகள். தாண்ட முடியாமல் நின்றிருந்தோம்.

கேட்டுக்குள்ளிருந்து யாரோ ஓடி வந்தார்கள். அறுபது வயதுக்காரர், குள்ளமாக, கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, சேலையை இன்னொரு கையால் தூக்கிக்கொண்டு. வாட்ச்மேன் பின்னாலேயே “மேடம், மேடம்” என்று வந்தான். ஒரு லாரி போனது. அது போனதும் அங்கிருந்தே கையை ஆட்டிக் கத்தினார்.

“இல்ல! உனக்கு இல்ல!”

இன்னொரு லாரி நடுவில் வந்தது. அது போகிறவரை பொறுக்காமல் அதன் பின்னாலிருந்தும் கத்தினார். “இல்லடீ! உனக்கு இல்ல!”

பஸ் ஸ்டாப்பில் இருந்தவர்கள் எங்களைப் பார்த்தார்கள். யாருக்கும் ஒன்றும் புரிந்திருக்காது. அம்மா அப்படியே ரோட்டோரம் உட்கார்ந்து என் இரண்டு கையையும் இழுத்து மடியில் வைத்து, முகத்தைக் கவிழ்த்துக்கொண்டாள். டாக்டரம்மா ரோட்டைத் தாண்டி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, அவரும் பக்கத்திலேயே மண்ணில் உட்கார்ந்தார். தப்பு பண்ணிவிட்ட குழந்தை மாதிரி முகம். “ரூம்லதான் சொல்லணும்னு இருந்தேன்,” என்றார். “ஜன்னல்ல இருந்து பஸ் வர்றத பாத்தேன். நீ கேட்டுக்குள்ள வந்து, படியேறி, அவ்ளோ நேரம் தெரியாமயே நடந்து வரணுமேன்னு...”

எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பெரிய கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியவில்லை, அவர் எதிரில் இருந்தார், அவர் மேல் விட்டேன்.

“எங்கண்ணனுக்கும் இப்படித்தான் ஓடி வந்தீங்களா?”

அம்மா தலையைத் தூக்கினாள். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

“இல்ல” என்றார். “என் ரூம்ல இருந்து அவன் உக்காந்திருந்த பெஞ்சு வரைக்கும் இருபது அடிதான் இருக்கும். எவ்ளோ மெதுவா நடக்க முடியுமோ அவ்ளோ மெதுவா நடந்து போனேன்.”